வளைவு மன்னனின் நான்கு டயர்கள்

அவனுடைய மனைவி பஸ்சில் வேலைக்குப் போக ஆரம்பித்து அன்றோடு முப்பத்தெட்டு நாட்கள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவள் எண்ணவில்லை என்பதுதான் அவனுக்கு உறுத்தல்.

எல்லாம் ஒரு மழைக்காலையில் ஆரம்பித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரவுண்டானாவில் அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். கார் அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பரிசீலித்து, நிராகரித்து, நேராகப் போய் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது. வேகம் முப்பத்தைந்து. ஒரு சைக்கிள்காரர் அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் திரும்பி அனுதாபமாக ஒரு பார்வை வேறு பார்த்தார். யாருக்கும் அடியில்லை, காருக்குக் கீறல்கூட இல்லை. மனைவியின் மடியிலிருந்த சாப்பாட்டு டப்பா மட்டும் திறந்துகொண்டது. அவள் டப்பாவை மூடினாள். கைக்குட்டையால் மடியைத் துடைத்தாள். கதவைத் திறந்து குடையை விரித்தாள்.

“எங்கம்மா போற?”

“பஸ் ஸ்டாப்புக்கு.”

“இது டயர் பிரச்சினை. வேற ஒண்ணுமே இல்ல. டயரு சரியில்ல.”

“அப்ப டயர் சரியானதும் சொல்லு. ஏறிக்கறேன்.”

சொன்ன சொல் மாறாதவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்த குணம் அதுதான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எல்லாரிடமும் சொல்கிறான், நாம் மட்டும் விடுவானேன். பார்ப்பதற்குப் பால் வாங்கிவரப் போகிற சின்ன வண்டி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே வைத்திருக்கிற என்ஜின், பால் வாங்கிவிட்டு மாட்டையும் துரத்திப் பிடிக்கக் கூடியது. மூன்றே கதவுகள். பின்கூரையில் ஒரு இறக்கை. மணிக்கு இருநூறைத் தாண்டினால்தான் அந்த இறக்கைக்கு வேலை வரும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. அவன் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த இறக்கை வேலையில்லாமல்தான் இருந்தது. பறவைகள் உட்காரும், அவ்வளவுதான்.

அவன் வேலை செய்தது வீட்டுச் சாமான்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில். வாஷிங் மெஷின், மிக்சி, காற்றாடி ஆகியவற்றோடு பெட்டிக்குள் வருகிற, பிரித்த உடனே குப்பைக்குப் போகிற சின்னப் புத்தகத்தை எழுதுகிறவன் அவன்தான். ‘பயன்படுத்தும் முன் இக்கையேட்டை முழுமையாகப் படிக்கவும்’ என்ற வாக்கியத்தை எட்டு வருடங்களில் இருநூறு தடவையாவது எழுதியிருப்பான். பகலெல்லாம் யாரும் படிக்காததை எழுதுகிறவனுக்கு, யாராவது படிக்கிற மாதிரி எதையாவது எழுத வேண்டும் என்று வெறி வருவது இயற்கை. அதற்காகத்தான் அவன் இணையத்தில் ஒரு கார்ப் பிரியர்கள் குழுவில் சேர்ந்தான். அங்கே எல்லாருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. அவனுடையது ‘வளைவு மன்னன்’. தானே வைத்துக்கொண்டது.

வளைவு மன்னன் அங்கே வேறு ஆள். வளைவில் எங்கே பிரேக்கை விடுவது, டயரின் சூட்டை விரலால் தொட்டு எப்படிக் கணிப்பது என்றெல்லாம் எழுதுவான். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னிடது சக்கரத்தைப் பின்வலதுக்கும், முன்வலதைப் பின்னிடதுக்கும் குறுக்காகத் தானே மாற்றி மாட்டி, ‘டயர்கள் சீராகத் தேய இதுவே ஒரே வழி, மெக்கானிக்குகள் சொல்ல மாட்டார்கள்’ என்று படங்களோடு போட்டிருந்தான். அன்றைக்கு ஜாக்கியைத் தேடவே முக்கால் மணி நேரம் ஆனது என்பதை மட்டும் எழுதவில்லை.

ரவுண்டானா சம்பவத்தன்று மாலையே வளைவு மன்னன் பேனாவை எடுத்துவிட்டான். காரில் இருந்த டயரின் பெயரைப் போட்டு, ‘மழையில் மரணப் பொறி’ என்று தலைப்புக் கொடுத்து, நான்கு பக்கம். முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்று எழுதக் கை வரவில்லை. ‘மிதமான வேகம்’ என்று எழுதினான். கூடவே காரின் பக்கவாட்டுப் படம் ஒன்று, டயர் பெரிதாகத் தெரியும்படி. நானூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அவன் எழுதிய கையேடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தவர்கள்கூட அத்தனை பேர் இருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு புது டயர் தேர்ந்தெடுக்கும் வேள்வி தொடங்கியது. பதினேழு டயர்கள், இருபத்து மூன்று பத்திகள் கொண்ட ஒரு அட்டவணை. ஈரத் தரையில் பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும், காய்ந்த தரையில் எத்தனை, ஓசை எவ்வளவு, பக்கச் சுவர் எவ்வளவு விறைப்பு. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு முக்கியத்துவ எண். அந்த எண்ணைக் கொஞ்சம் அசைத்தால் முதலில் இருந்தது ஒன்பதாவதாகிவிடும். தேர்தல் முடிவுபோலத் தினமும் புதிய வெற்றியாளர். ஒரு வாரம் பந்தய மைதானத்து டயர் முன்னணியில் இருந்தது. பந்தய மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

“டயர் முடிவாச்சா?” என்று மனைவி வாரத்துக்கு ஒரு முறை கேட்பாள்.

“ரெண்டுல வந்து நிக்குது.”

“போன வாரமும் ரெண்டுதான் சொன்ன.”

“அது வேற ரெண்டு.”

“மழையில வழுக்காதது எது?”

“அது பலதைப் பொறுத்ததும்மா. தண்ணி எத்தனை மில்லிமீட்டர் நிக்குதுன்னு பாக்கணும், ரோட்டுச் சூடு பாக்கணும்.”

“நான் பஸ்சுல ஏறும்போது எதையும் பாக்கறதில்லப்பா,” என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போவாள்.

அவளுக்கு பஸ் பிடித்துப்போயிருந்தது. அதுதான் ஆபத்து. அவள் ஒரு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் முட்டியையும் தோளையும் மடக்கி நீட்டுகிறவள். முதல் வாரம் நின்றுகொண்டு போனாள். இரண்டாவது வாரம் கடைசி வரிசை ஜன்னல் ஓரம் அவளுக்கென்று காலியாக இருந்தது. மூன்றாவது வாரம் அந்த வரிசைக்கே அவள் வைத்தியர் ஆகிவிட்டாள். தையல் டீச்சருடைய கழுத்து வலி, நூலகருடைய இடுப்பு, பேக்கரிக்காரருடைய மணிக்கட்டு. ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர்களைப் பற்றித்தான் பேச்சு. “இன்னிக்கி நூலகர் தானா குனிஞ்சு செருப்பு மாட்டினாரு” என்று அவள் முகம் மலரச் சொல்லும்போது, இந்தக் காரில் அவள் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள் என்று யோசித்துப் பார்ப்பான். சிரித்திருக்கிறாள். காரை வாங்குவதற்கு முன்னால்.

காலை ஏழு மணிக்கு அவன் தனியாகக் காரில் கிளம்பி, பஸ் நிறுத்தத்தைக் கடந்து போவான். அவள் கையாட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கையாட்டுகிற மாதிரி. பக்கத்து சீட்டில் அவளுடைய பை இல்லாததால் அங்கே அட்டவணையின் அச்சுப் பிரதி உட்கார்ந்து வந்தது. பஸ்சோடு போட்டி போடுவது எப்படி என்று எந்தக் கார்ப் பத்திரிகையிலும் எழுதவில்லை. ஒரு வண்டிக்கு நாற்பது சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கதை. தன்னிடம் இருப்பதோ ஒரு காலி சீட்டும் இருபத்து மூன்று பத்தியும்.

முப்பத்தெட்டாவது நாள் சனிக்கிழமை. மனைவிக்கு அரை நாள் வேலை. அன்றைக்கு எப்படியும் டயரைப் போட்டுவிட்டு மதியம் மருத்துவமனை வாசலில் போய் நிற்பது என்று முடிவு செய்தான். அட்டவணையில் அன்றைய வெற்றியாளரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டயர் கடைக்குப் போனான்.

கடை என்றால் இரண்டு ஷட்டர், காரைத் தூக்க ஒரு லிப்ட், கறுப்பு வளையங்களாக அடுக்கிய ஒரு காடு. நடத்துவது ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும். காதுக்குப் பின்னால் மஞ்சள் சாக்குக்கட்டி, சட்டைப் பையில் டயரின் பள்ளம் அளக்கிற சின்னக் கருவி. முதலாளியம்மா என்றுதான் கடையில் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

அவன் தாளை நீட்டினான். முதலாளியம்மா தாளைப் பார்க்காமல் காரைப் பார்த்தார். குனிந்து முன்சக்கரத்தின் ஓரத்தில் கட்டைவிரலால் தடவினார்.

“வண்டி யாரு ஓட்றது சார், உங்க மாமனாரா?”

“நான்தான். ஏன்?”

“இல்ல, டயரு ஓரத்துல இந்த ரப்பர் முடி இருக்கு பாருங்க. அச்சுலேர்ந்து வர்றப்ப இருக்கும். வளைவுல கொஞ்சம் அழுத்தி ஓட்டுனா ரெண்டே வாரத்துல போயிடும். உங்களுது அப்படியே குழந்தைக்கு மொத முடி மாதிரி இருக்கு.”

வளைவு மன்னன் குனிந்து அந்த முடியைப் பார்த்தான்.

“அது நல்லதுதான் சார். நெறைய பேரு இப்படி ஓட்டுனா எனக்கு யாவாரம் இருக்காது, அவ்வளவுதான்.” அவர் கருவியைப் பள்ளத்தில் செருகிப் பார்த்தார். “அஞ்சு மில்லி இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமே. எதுக்கு மாத்தணும்?”

“மழையில வழுக்குது. பயங்கரமா. ரவுண்டானாவுல நேராப் போயிடுச்சு.”

“இந்த டயரா? இது மழைக்குன்னே செஞ்சதாச்சே.” அவர் இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் போனார். மறுபக்கம் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. “சார், இதை யாரு மாட்டினது?”

“ஏன்?”

முதலாளியம்மா காதிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து டயரின் பக்கச் சுவரில் ஓரிடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஒரு அம்புக்குறி இருந்தது. சுண்டுவிரல் நீளம். ரப்பரிலேயே வார்த்த அம்புக்குறி. அதன் மேலே ‘சுழலும் திசை’ என்றும் எழுதியிருந்தது, பார்வை மங்கியவர்களுக்கும் தெரிகிற அளவில்.

“கார் போகறது அந்தப் பக்கம். அம்பு காட்டறது இந்தப் பக்கம். இந்த டயருல பள்ளமெல்லாம் அம்பு மொனை மாதிரி வெட்டியிருக்கும் சார். சரியா மாட்டுனா தண்ணிய நடுவுலேர்ந்து வெளிய தள்ளும். திருப்பி மாட்டுனா வெளிய இருக்கற தண்ணிய நடுவுக்குக் கொண்டாந்து சேக்கும். நாலுமே திரும்பியிருக்கு. அதுதான் எனக்குப் புரியல. ஒண்ணு தப்பா மாட்டுவாங்க, பாத்திருக்கேன். நாலையும் தப்பா மாட்டறதுக்கு ஒரு நிதானம் வேணும்.”

குறுக்காக மாற்றினால் இடது வலதாகும், வலது இடதாகும். அம்பு வைத்த டயருக்கு அது ஆகாது. ‘மெக்கானிக்குகள் சொல்ல மாட்டார்கள்’ என்று எழுதியிருந்தான். மெக்கானிக்குகள் சொல்லாததற்குக் காரணம் இப்போது புரிந்தது. மிக்சி மூடியை எந்தத் திசையில் திருக வேண்டும் என்று அம்புக்குறி போட்டுச் சம்பளம் வாங்குகிறவன், இரண்டு மாதமாகத் தினமும் ஓர் அம்புக்குறியைத் தாண்டித்தான் கதவைத் திறந்திருக்கிறான்.

“இந்த டயரப் பத்தி இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க,” என்றார் முதலாளியம்மா, பக்கத்துச் சுவரோரம் அடுக்கியிருந்த கறுப்புத் தூண்களைக் காட்டி. “பதினாறு இருக்கு. நல்ல சரக்கு. ஒரு மாசமா ஒண்ணுகூட போகல. வர்றவன் எல்லாம் போனை எடுத்துக் காட்றான். எவனோ வளைவு மன்னனாம். மரணப் பொறின்னு எழுதி வெச்சிருக்கான்.” அவர் தன் போனை எடுத்துத் தேய்த்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். “இந்தப் படத்தைப் பாருங்க. கார் மூஞ்சி வலது பக்கம் இருக்கு. அம்பு இடது பக்கம் காட்டுது. நானூறு பேரு கைதட்டியிருக்கான். ஒருத்தனுக்குக்கூட கண்ணு இல்ல. உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியுது.”

“இந்த ஆளுக்கும் உங்க மாதிரியேதான் ஆகியிருக்கு.” அவர் படத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி படத்தை விரித்துப் பார்த்தார். காரின் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு சாவிக் கீறல் இருந்தது. படத்திலும் இருந்தது. “ஓ,” என்றார்.

லிப்டில் எங்கோ காற்று சீறி அடங்கியது.

“உக்காருங்க மன்னா,” என்றார் முதலாளியம்மா, டயர் அடுக்கு ஒன்றைக் காட்டி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “எடதையும் வலதையும் மாத்தி மாட்டுனா போதும். இருபது நிமிஷம்.”

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மூளை வேலை செய்தது. அந்த மாதிரி சமயத்தில்தான் அது வேலை செய்யும். இருபது நிமிஷத்தில் மாட்டிக்கொண்டு போனால் மனைவியிடம் என்ன சொல்வது? புது டயர் எங்கே என்பாள். பழசே நல்ல டயர்தான் என்றால், அப்புறம் ஏன் வழுக்கியது என்பாள். நான்கு புது டயரோடு போய் நின்றால் கேள்வியே கிடையாது. சொன்ன சொல் மாறாதவள், ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

“இல்ல, புதுசே போட்டுருங்க,” என்றான்.

“எதுக்கு?”

“ஒரு இதுக்குத்தான்.”

“விக்கறது என் தொழில். வேணாம்னு சொல்ல மாட்டேன். எதுக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?”

அவன் சொன்னான். ரவுண்டானா, டப்பா, குடை, பஸ், தையல் டீச்சர், முப்பத்தெட்டு நாள். சொல்லி முடித்தபோது சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த ஆள்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்க கேக்கறது டயர் இல்ல சார். லஞ்சம்,” என்றார் முதலாளியம்மா. “அதுக்குன்னு எங்கிட்ட தனி சைஸ் இல்ல. போட்டுவிடவா? சொல்லுங்க, போட்டுடறேன்.”

அவன் தாளைப் பார்த்தான். அன்றைய வெற்றியாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. புது டயரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கற்பனையில் தூறல் போட்டது. அவள், “இந்த டயர் எவ்வளவு நல்லா பிடிக்குது பாரு” என்றாள். ‘ஆமா’ என்று பதில் சொல்லிப் பார்த்தான். கற்பனையிலேயே பொய்யாகக் கேட்டது.

“பழசையே மாத்தி மாட்டுங்க,” என்றான்.

“சரி. அதுக்குள்ள நீங்க அந்த மரணப் பொறிய சரி பண்ணுங்க. பதினாறு டயரும் உங்களத்தான் பாத்துட்டு இருக்கு.”

அவன் போனை எடுத்து எழுதினான். அரை மணி நேரம். எட்டு வருட அனுபவம் கைகொடுத்தது: ‘மேற்படி வாகனத்தில் டயர்கள் திசை மாறிப் பொருத்தப்பட்டிருந்தமை பின்னர் அறியப்பட்டது.’ முதலாளியம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

“யாரு பொருத்தினது? ராத்திரி பேய் வந்து பொருத்திச்சா?”

அழித்துவிட்டு, ‘டயர் நல்ல டயர். நான்தான் நாலையும் தப்பாக மாட்டினேன். வேகம் முப்பத்தைந்து’ என்று போட்டான். போட்டு முடிப்பதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. ‘முப்பத்தைந்தா? என் பாட்டன் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார்.’ அடுத்தவன் இன்னும் சுருக்கமாக எழுதியிருந்தான்: ‘ரிவர்ஸ் மன்னன்’. அந்தப் பெயர் ஐந்தே நிமிடத்தில் ஊன்றிவிட்டது. இப்போதெல்லாம் குழுவில் அவனை யாரும் வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

மதியம் அவன் காரை வீட்டில் விட்டுவிட்டு, தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போனான். ஒன்றரை மணி பஸ்சில் மனைவி இறங்கினாள். கூடவே தையல் டீச்சரும். அறுபது வயது, கழுத்தில் அளவு நாடா; சனிக்கிழமைகூட அதைக் கழற்றவில்லை.

“கார் எங்க?” என்றாள் மனைவி.

“வீட்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” தையல் டீச்சர் நகருவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தான். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டார். “புது டயர் வாங்கல. தேவையில்ல. டயர் மேல தப்பு இல்ல. அன்னிக்கி ஞாயித்துக்கிழம நான் மாத்தி மாட்டினேன்ல, அப்ப நாலையும் திருப்பி மாட்டிட்டேன். அதான் தண்ணியில வழுக்கிச்சு. இப்ப கடையில சரி பண்ணியாச்சு.”

“திருப்பின்னா?” என்றார் தையல் டீச்சர்.

“டயருக்கு ஒரு திசை இருக்குங்க. அம்பு போட்டிருக்கும்.”

“வெல்வெட் துணி மாதிரி. மேலேர்ந்து கீழ தடவுனா வழவழன்னு போகும், கீழேர்ந்து மேல தடவுனா முள்ளு மாதிரி நிக்கும். மொத வகுப்புலயே சொல்லிக் குடுத்துடுவேன். அது தெரியாமயா மாட்டினீங்க தம்பி?”

“ஆமாங்க.”

மனைவி அவனையே பார்த்தாள். “இத்தனை நாளா பதினேழு டயரு படிச்ச.”

“ஆமா.”

“நம்ம டயர படிக்கல.”

“படிக்கல.”

“நீ பாட்டுக்கு புதுசு வாங்கி மாட்டியிருந்தா எனக்கு தெரிஞ்சிருக்குமா?”

“சத்தியமா தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

உன்னதமாக ஏதாவது சொல்லலாம் என்று தேடினான். கிடைக்கவில்லை. “நீ ஏறி உக்காந்தப்புறம் ஒவ்வொரு தூறலுக்கும் நீ என்ன கேப்பியோன்னு உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பேன். ஓட்டவே முடியாது.”

அவள் அவனைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். முட்டி பிசகிய நோயாளியை நடக்கச் சொல்வதற்கு முன்னால் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. “திங்கக்கெழம மழைன்னு சொல்றாங்க,” என்றாள். “நீ பஸ்சுக்குப் பின்னாடியே ஓட்டிட்டு வா. நான் கடைசி சீட்டுலேர்ந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்.”

“நாங்களும் பாக்கறோம்,” என்றார் தையல் டீச்சர்.

திங்கட்கிழமை மழை சொன்னபடி பெய்தது. ஒரு வாகன ஓட்டிக்கு இவ்வளவு பெரிய தேர்வுக்குழு அமைந்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை. பஸ்சின் பின்கண்ணாடியில் நான்கு தலைகள் அவன் பக்கமாகத் திரும்பியிருந்தன. நூலகர் கண்ணாடியின் ஆவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவனும் நின்றான். என்ஜினின் இருநூற்று முப்பது குதிரைகளும் பஸ்சின் புகையை முகர்ந்தபடி பவ்யமாக வந்தன. ரவுண்டானாவில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. பஸ் திரும்பியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான். கார், ஏதோ முதல் நாளிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல, திரும்பியது. அவன் வாழ்க்கையிலேயே யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முதல் வளைவு அது. வேகம் இருபத்திரண்டு.

மருத்துவமனை வாசலில் பஸ் நின்றதும் மனைவி இறங்கி வந்து அவன் ஜன்னலைத் தட்டினாள்.

“பேக்கரிக்காரர் நல்லா இருக்குன்னு சொன்னாரு. நூலகர் ரொம்ப ஒட்டி வர்றன்னு சொன்னாரு. டீச்சர் இன்னும் யோசிக்கறாங்க.”

“நீ?”

“சாயங்காலம் அஞ்சரைக்கு வா.”

ஐந்து மணிக்கே போய் நின்றான். பக்கத்து சீட்டைத் துடைத்தான். அட்டவணையை எடுத்துக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். ஐந்தரைக்கு அவள் வந்தாள். பின்னாலேயே, மருத்துவமனை நிறுத்தத்தில் பஸ்சுக்குக் காத்திருந்த தையல் டீச்சர், நூலகர், பேக்கரிக்காரர் ஆகிய மூவரும் வந்தார்கள்.

“அஞ்சரை பஸ் இன்னிக்கி இல்லையாம்,” என்றாள்.

மூன்று கதவு வண்டியில் பின்னால் ஏறுவதற்கு முன்சீட்டை மடக்கிக் கொடுக்க வேண்டும். அவள் நூலகரின் இடுப்பைப் பிடித்து, “மூச்சை விட்டுட்டே குனியுங்க” என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினாள். டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்ததும், “இது சீட்டா, தொட்டியா?” என்று கேட்டார். கடைசியாக அவள் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் சத்தம் வராமல் கியரைப் போட்டான். சத்தம் கேட்டால் இது கலைந்துவிடுமோ என்று பயம். கார் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

“தம்பி, அந்த இறக்கை எதுக்கு?” என்றார் பேக்கரிக்காரர், பின்கண்ணாடி வழியாகப் பார்த்து.

“சும்மாதாங்க,” என்றான் அவன். அந்தக் கேள்விக்கு மூன்று வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

மூன்றாவது நிறுத்தத்தில் நூலகரும் பேக்கரிக்காரரும் இறங்க வேண்டும், நான்காவதில் டீச்சர் என்று பேச்சு. மூன்றாவதிலேயே டீச்சரும், “நானும் இங்கயே இறங்கிக்கறேன், முட்டி மடங்கிப் போச்சு” என்றார். மழை இன்னும் விடவில்லை. மனைவி இறங்கி, சீட்டை மடக்கி, குடையைப் பிடித்து, ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கினாள். எல்லாரும் போன பிறகும் அவள் வெளியேதான் நின்றாள், குடையோடு. பின்னால் ரோட்டில் அடுத்த பஸ் திரும்பி வருவது கண்ணாடியில் தெரிந்தது. காலியாக இருந்தது. கடைசி வரிசை ஜன்னல் ஓரமும் காலியாகத்தான் இருக்கும். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுத்தத்தில் ஒதுங்கி நின்ற ஒருவர், இவ்வளவு பேர் இறங்கியதைப் பார்த்துவிட்டு, ஓடிவந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “இது ஸ்டேஷன் வழியாப் போகுமாங்க?”

“இல்லைங்க, இது எங்க வீட்டுக்குப் போகுது,” என்று சொல்லிக் குடையை மடக்கி உதறிவிட்டு, மனைவி ஏறி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.